கண்ட நிறமே பெயரானது: குளோரினுக்குப் பெயர் கிடைத்த கதை

குளோரின் என்றதும் நமக்கு நீச்சல் குளம் நினைவுக்கு வரும். குழாய் நீரும், துணி வெளுக்கும் திரவப் புட்டியும் நினைவுக்கு வரும். இவ்வளவு பழகிப்போன இந்தத் தனிமத்துக்கு அதன் பெயர் எளிதில் கிடைத்துவிடவில்லை. 1774ஆம் ஆண்டில் ஒரு மருந்துக்கடை ஊழியர் அந்த வாயுவைத் தயாரித்து ஆராய்ந்து எழுதினார். அது ஒரு தனிமம் என்ற முடிவு எட்டப்பட்டதும், குளோரின் என்று பெயர் சூட்டப்பட்டதும் 1810ஆம் ஆண்டில்.

இடையில் 36 ஆண்டுகள் ஓடின. அத்தனை காலமும் யாரும் சும்மா இருக்கவில்லை. ஐரோப்பாவின் தலைசிறந்த வேதியியலாளர்கள் அந்த வாயுவைத் தயாரித்தார்கள், நீரில் கரைத்தார்கள், துணி வெளுத்தார்கள், ஆலை வைத்து வணிகமும் செய்தார்கள். ஆனால், கையில் இருப்பது என்ன என்பது மட்டும் அவர்களுக்குப் புலப்படவில்லை. அதற்குக் கருவிகளின் குறை மட்டும் காரணமன்று. அந்த வாயுவுக்கு அவர்கள் வைத்திருந்த பெயரே அவர்களின் கண்ணை மறைத்தது.

மருந்துக்கடையில் பிறந்த வாயு

கார்ல் வில்ஹெல்ம் ஷீலே சுவீடனின் உப்சாலா நகரில் ஒரு மருந்துக்கடையில் பணியாற்றியவர். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர். கடை வேலை போக மீதி நேரத்தில் ஆய்வு செய்துவந்தார். பைரோலுசைட் என்ற கறுப்பு நிறத் தாதுவின் தன்மையை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அதை உப்பிலிருந்து எடுக்கப்படும் அமிலத்தில் கலந்து சூடாக்கினார். இன்று அந்தத் தாதுவை மாங்கனீசு டை ஆக்சைடு என்றும், அந்த அமிலத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்றும் அழைக்கிறோம். அன்றைய வழக்கில் அது மியூரியாட்டிக் அமிலம். ‘மூரியா’ என்றால் லத்தீன் மொழியில் உவர்நீர். உப்பிலிருந்து கிடைத்ததால் அந்தப் பெயர்.

குடுவையில் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் ஒரு வாயு எழுந்தது. அதன் நெடி நெஞ்சை அடைத்தது. ஷீலே அதன் குணங்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார். லிட்மஸ் தாளின் நிறம் ஏறத்தாழ வெள்ளையாகப் போயிற்று. சிவப்பு, நீலம், மஞ்சள் என எந்த நிறப் பூவானாலும் வெளுத்தது. பச்சை இலையும் வெளுத்தது. பிறகு அமிலத்தையோ காரத்தையோ சேர்த்தாலும் பழைய நிறம் திரும்பவில்லை. பூச்சிகள் செத்தன. உலோகங்கள் அரிக்கப்பட்டன.

இன்றைய பாடநூலில் குளோரினைப் பற்றி உள்ள முக்கியக் குணங்களில் பலவும் அவருடைய குறிப்பிலேயே உள்ளன. ஆனால், அதற்கு அவர் வைத்த பெயர் ‘ஃபுளோஜிஸ்டன் நீக்கிய மியூரியாட்டிக் அமிலம்’.

ஃபுளோஜிஸ்டன் என்றால் என்ன? எரியக்கூடிய பொருள்கள் அனைத்திலும் ஃபுளோஜிஸ்டன் என்ற ஒரு சரக்கு இருக்கிறது. பொருள் எரியும்போது அது வெளியேறுகிறது. 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வேதியியலாளர்கள் அப்படித்தான் நம்பினார்கள். அமிலத்திலிருந்த ஃபுளோஜிஸ்டனைக் கறுப்புத் தாது பறித்துக்கொண்டது, எஞ்சியதுதான் இந்தப் பச்சை வாயு என்பது ஷீலேயின் விளக்கம்.

அப்படி ஒரு சரக்கு உலகில் இல்லை. இருந்தாலும் இங்கே ஒரு வேடிக்கை உண்டு. அன்று சிலர் ஹைட்ரஜன் வாயுவையே ஃபுளோஜிஸ்டன் என்று கருதினார்கள். ஷீலேயின் பெயரில் ஃபுளோஜிஸ்டன் இருக்கும் இடத்தில் ஹைட்ரஜனைப் போட்டுப் பாருங்கள்: ‘ஹைட்ரஜன் நீக்கிய ஹைட்ரோகுளோரிக் அமிலம்’. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இருப்பவை ஹைட்ரஜனும் குளோரினும். ஹைட்ரஜனை நீக்கினால் மிஞ்சுவது குளோரின்தான்! தவறான கொள்கையைக் கையில் வைத்துக்கொண்டே ஷீலே உண்மைக்கு மிக அருகில் வந்து நின்றார்.

பெயர்களைத் திருத்த வந்தவர்

ஃபுளோஜிஸ்டன் கொள்கையை வீழ்த்தியவர் பாரிஸ் நகரின் லவாய்சியர். பொருள் எரியும்போது எதுவும் அதிலிருந்து வெளியேறுவதில்லை, காற்றில் உள்ள ஒரு வாயுதான் அதனுடன் சேர்கிறது என்று துல்லியமான தராசை வைத்து எடைபோட்டு நிறுவினார். அந்த வாயுவுக்கு அவர் வைத்த பெயர் ஆக்சிஜன். கிரேக்க மொழியில் ‘ஆக்சிஸ்’ என்றால் புளிப்பு, கூர்மை. ஆக்சிஜன் என்றால் ‘அமிலத்தை உண்டாக்குவது’ என்று பொருள்.

ஏன் அந்தப் பெயர்? கந்தகத்தை எரித்து நீரில் கரைத்தால் அமிலம் வருகிறது. பாஸ்பரசை எரித்தாலும், கரியை எரித்தாலும் அப்படியே. ஆகவே அமிலம் என்று ஒன்று இருந்தால் அதற்குள் ஆக்சிஜன் இருந்தே ஆகவேண்டும் என்று லவாய்சியர் முடிவு கட்டினார். அந்த முடிவைப் பெயருக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டார்.

1787இல் அவரும் குய்த்தோன் டி மோர்வோ, பெர்த்தோலே, ஃபூர்குரோவா ஆகிய மூவரும் சேர்ந்து வேதியியல் பெயரிடலுக்குப் புதிய முறையை வெளியிட்டார்கள். கண்டபடி வழங்கிவந்த பழைய பெயர்களை ஒதுக்கி, ஒரு பொருள் எவற்றால் ஆனதோ அதைப் பெயரே சொல்லும்படி அமைத்தார்கள். நாம் இன்றும் சோடியம் சல்பேட், கால்சியம் கார்பனேட் என்றெல்லாம் சொல்லும் முறை அங்கிருந்து வந்தது. வேதியியலுக்கு அது பெரும் கொடை.

ஆனால் அந்த முறைக்கு ஓர் ஆபத்தும் இருந்தது. பொருள் எவற்றால் ஆனது என்பதில் பிழை நேர்ந்தால், பிழையும் பெயரோடு சேர்ந்து நிலைத்துவிடும். மியூரியாட்டிக் அமிலம் ஓர் அமிலம். ஆகவே அதில் ஆக்சிஜன் இருக்கவேண்டும். ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கும் மற்றொரு பொருளை அதுவரை யாரும் பார்த்ததில்லை. இருந்தும், 1789இல் லவாய்சியர் வெளியிட்ட 33 எளிய பொருள்களின் பட்டியலில் ‘மியூரியாட்டிக் மூலம்’ என்று அதற்கும் ஓர் இடம் தந்தார், இன்னும் அறியப்படாதது என்ற குறிப்புடன்.

மியூரியாட்டிக் அமிலத்திலேயே ஆக்சிஜன் உண்டு என்றால், அதிலிருந்து வந்த பச்சை வாயுவில்? கறுப்புத் தாதுவில் ஆக்சிஜன் நிறைய இருக்கிறது. அதுவும் அமிலத்தோடு சேர்ந்திருக்கும். எனவே பச்சை வாயுவில் ஆக்சிஜன் மேலும் அதிகம் என்று கணக்குப் போட்டார்கள். அதன் பெயர் ‘ஆக்சிமியூரியாட்டிக் அமிலம்’ ஆயிற்று. ஆக்சிஜன் அணு ஒன்றுகூட இல்லாத வாயுவின் நெற்றியில் ஆக்சிஜனின் பெயர் ஒட்டிக்கொண்டது.

வெயிலில் வைத்த குடுவை

இதைக் கண்மூடித்தனமான நம்பிக்கை என்று ஒதுக்கிவிடக் கூடாது. பெர்த்தோலே 1785இல் இதற்குச் சான்று காட்டியிருந்தார். பச்சை வாயுவை நீரில் கரைத்துக் குடுவையில் ஊற்றி வெயிலில் வைத்தார். குமிழ்கள் வந்தன. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஆக்சிஜன்! குடுவையில் மிஞ்சியது மியூரியாட்டிக் அமிலம். வாயு இரண்டாகப் பிரிந்துவிட்டது என்று எண்ணுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

குடுவையில் இன்னொரு பொருளும் இருந்தது என்பதை அவர்கள் கணக்கில் கொள்ளவில்லை. அது நீர். வெயில் பட்டதும் குளோரின் நீரிலுள்ள ஹைட்ரஜனைப் பற்றிக்கொள்கிறது. நீரிலிருந்த ஆக்சிஜன் வெளியேறுகிறது. வந்த ஆக்சிஜன் உண்மையான ஆக்சிஜன்தான். அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் பிழை.

பெர்த்தோலே அப்போது பிரெஞ்சு அரசின் சாயத் தொழிலுக்குப் பொறுப்பு வகித்தார். அக்காலத்தில் துணி வெளுப்பது மாதக்கணக்கில் நடக்கும் வேலை. காரநீரில் அவிப்பார்கள், புளித்த மோரில் ஊறவைப்பார்கள், பிறகு புல்வெளியில் விரித்து வெயிலில் காயவிடுவார்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். பச்சை வாயு கரைந்த நீரோ அதே வேலையைச் சில மணி நேரத்தில் முடித்தது. பெர்த்தோலே இந்த முறையை மறைத்து வைக்காமல் பலருக்கும் சொன்னார். பாரிசுக்கு வந்திருந்த ஜேம்ஸ் வாட் அதைக் கேட்டறிந்து, கிளாஸ்கோவில் துணி வெளுக்கும் தொழிலில் இருந்த தம் மாமனாருக்குத் தெரிவித்தார். அதே கிளாஸ்கோவில் சார்ல்ஸ் டென்னன்ட் என்பவர் 1799இல் அந்த வாயுவைச் சுண்ணாம்பில் ஏற்றி, வெளுப்புத் தூளாக விற்கக் காப்புரிமை பெற்றார்.

இப்படி அந்தப் பச்சை வாயு மூட்டையாகச் சந்தைக்கு வந்துவிட்டது. அதற்குச் சரியான பெயர் மட்டும் இன்னும் வரவில்லை.

விளிம்பில் நின்ற இருவர்

1809இல் பாரிசில் கே-லுசாக், தெனார் என்ற இரு இளம் வேதியியலாளர்கள் இதே வாயுவை எடுத்துக்கொண்டார்கள். ஆக்சிஜன் உள்ளது என்றால் அதைப் பிரித்தெடுத்துக் காட்டவேண்டும் அல்லவா? நன்றாகக் காய்ச்சிய கரியின் மேல் வாயுவைச் செலுத்தினார்கள். ஆக்சிஜனைப் பறிப்பதில் சூடான கரி கெட்டிக்காரன். இரும்புத் தாதுவிலிருந்தே பறித்துவிடும். ஆனால் இந்த வாயுவிடம் அதன் கைவரிசை பலிக்கவில்லை.

இந்த வாயு ஒரு தனிமமாக இருக்கக்கூடும் என்று அவர்கள் எழுதவும் செய்தார்கள். ஆனாலும், பழைய விளக்கமே மேலும் பொருத்தமாகத் தெரிகிறது என்று கூறி ஓரடி பின்வாங்கினார்கள். கே-லுசாக் பெர்த்தோலேயின் மாணவர். ஆக்சிஜன்தான் அமிலத்தின் உயிர் என்ற கொள்கை பாரிசில் பிறந்து வளர்ந்த கொள்கை. அதை அந்த ஊரிலிருந்தே அசைப்பது எளிதன்று.

லண்டனிலிருந்து ஒரு கேள்வி

அந்த ஓரடியை முன்வைத்தவர் லண்டன் ராயல் கழகத்தைச் சேர்ந்த ஹம்ப்ரி டேவி. 1778இல் கார்ன்வால் பகுதியில் பிறந்த அவர், வோல்ட்டா மின்கலன்களை அடுக்கி மின்சாரம் பாய்ச்சி 1807இல் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்துப் புகழ் பெற்றிருந்தார். தொடக்கத்தில் அவரும் பச்சை வாயுவில் ஆக்சிஜன் இருக்கிறது என்று எண்ணித்தான் தேடினார்.

ஆய்வுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மின்சாரத்தால் வெண்மையாகக் கனலும் கரித்துண்டை அந்த வாயுவுக்குள் வைத்தார். ஆக்சிஜன் இருந்திருந்தால் கரிவளி உண்டாகியிருக்கவேண்டும். உண்டாகவில்லை. அந்த வாயுவையும் ஹைட்ரஜனையும் சம அளவில் கலந்து வினைபுரியச் செய்தார்கள். ஆக்சிஜன் இருந்திருந்தால் நீர் உண்டாகியிருக்கவேண்டும். கிடைத்தது மியூரியாட்டிக் அமில வாயு மட்டுமே. வெள்ளீயத்தோடு சேர்ந்து வந்த பொருளில் வெள்ளீய ஆக்சைடைத் தேடினார், அதுவும் இல்லை. எந்த ஆய்வில் ஆக்சிஜன் தலைகாட்டியதோ, அந்த ஆய்விலெல்லாம் நீரோ ஆக்சிஜன் கொண்ட வேறொரு பொருளோ உடன் இருந்தது.

பழைய கொள்கையைக் காப்பாற்ற வழி இல்லாமல் இல்லை. உலர்ந்த மியூரியாட்டிக் அமில வாயுவில் பொட்டாசியத்தைச் சூடாக்கினால் ஹைட்ரஜன் வரும். அது எப்படி என்று கேட்டால், வாயுவுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நீர் ஒளிந்திருக்கிறது என்று பதில் சொன்னார்கள். எவ்வளவு உலர்த்தினாலும் போகாத நீர்! டேவி அந்தச் சுற்றுவழியை விட்டு நேராகக் கேட்டார்: பிரிக்கவே முடியாத ஒன்றை இரண்டு பொருள்களின் சேர்க்கை என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

இந்தக் கேள்விக்கு அடிப்படை தந்தவரே லவாய்சியர்தான். எந்த முறையாலும் இதுவரை பிரிக்க முடியாத பொருளைத் தனிமம் என்று கொள்ளவேண்டும் என்பது அவர் வகுத்த இலக்கணம். அந்த இலக்கணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அவருடைய அமிலக் கொள்கையை டேவி சாய்த்தார். அதைக் காண லவாய்சியர் உயிரோடு இல்லை. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1794 மே 8ஆம் தேதி, அவர் கில்லட்டினில் தலை துண்டிக்கப்பட்டு இறந்திருந்தார்.

பழைய ஷீலேயின் பார்வையே உண்மைக்கு நெருக்கமாக இருந்தது என்பதையும் டேவி சுட்டிக்காட்டினார். நகைமுரண்தான்.

‘குளோரோஸ்’ என்றால் என்ன?

1810 நவம்பர் 15ஆம் தேதி, லண்டன் ராயல் சங்கத்தில் டேவி ஆற்றிய உரையில் புதிய பெயரை முன்மொழிந்தார். ஆக்சிஜன் இல்லாத பொருளை ‘ஆக்சி’ என்று அழைப்பது முறையன்று. ஆனால் அதற்குப் பதிலாக எதை வைப்பது? இன்னொரு கொள்கையைப் பெயருக்குள் நுழைத்தால், நாளை அதுவும் பொய்த்துப்போகலாம். ஆகவே யாரும் மறுக்க முடியாத ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தார். அந்த வாயுவின் நிறம்!

கிரேக்க மொழியில் ‘குளோரோஸ்’ என்றால் வெளிறிய பச்சை, மஞ்சள் கலந்த பச்சை. அதிலிருந்து ‘குளோரின்’. இந்த வாயு ஒரு கூட்டுப்பொருள்தான் என்றோ, ஆக்சிஜன் இருக்கிறது என்றோ பிற்காலத்தில் தெரியவந்தாலும், இந்தப் பெயரில் பிழை இருக்காது, மாற்றவேண்டிய தேவையும் இராது என்று டேவி விளக்கினார். தாம் சொல்வதும் தவறாக இருக்கக்கூடும் என்று இடம்விட்டு வைத்த பெயர் அது.

குளோரோஸ் என்ற சொல் தமிழருக்கு அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. கிரேக்கர்கள் அதை நிறத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. புதிதாக வெட்டிய ஈர மரத்தையும், இளந்தளிரையும், வாடாத எதையும் அந்தச் சொல்லால் குறித்தார்கள். நம்முடைய ‘பச்சை’யும் அப்படித்தானே? காய்ச்சாத நீரைப் பச்சைத் தண்ணீர் என்கிறோம். கைக்குழந்தையைப் பச்சைப் பிள்ளை என்கிறோம். வேகாத காய் பச்சைக் காய், ஆறாத புண் பச்சைப் புண். இரண்டு மொழிகளிலும் நிறம் ஒன்று புதுமையின் பெயராகவும் வளர்ந்திருக்கிறது.

இதே சொல்லிலிருந்து பிறந்த இன்னொரு பெயர் மாணவர்களைக் குழப்புவதுண்டு. இலைக்குப் பச்சை நிறம் தருவது பச்சையம், அதாவது குளோரோஃபில். பிரெஞ்சுக்காரர்களான பெலத்தியே, காவெந்து ஆகிய இருவரும் ‘குளோரோஸ்’, ‘ஃபுல்லோன்’ என்ற இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்குப் பெயரிட்டார்கள். ஃபுல்லோன் என்றால் இலை. பச்சையத்தில் குளோரின் இல்லை. அதன் மூலக்கூறின் நடுவில் இருப்பது மக்னீசியம். இரண்டுக்கும் உள்ள உறவு நிறத்தின் உறவு மட்டுமே.

ஏற்க மறுத்தவர்கள்

பெயர் சூட்டிய மறுநாளே உலகம் ஏற்றுக்கொள்ளவில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த ஷ்வைகர் என்பவர் 1811இல் குளோரினுக்கு வேறொரு பெயரைப் பரிந்துரைத்தார்: ‘ஹாலஜன்’, அதாவது உப்பை உண்டாக்குவது. குளோரினுக்கு அந்தப் பெயர் ஒட்டவில்லை. ஆனால் பின்னாளில் அது ஒரு குடும்பப் பெயராக மறுவாழ்வு பெற்றது. ஃபுளோரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகியவற்றைச் சேர்த்து ஹாலஜன்கள் என்கிறோம். தமிழில் உப்பீனி என்று சொல்வதும் அதே பொருளில்தான். உப்பை ஈனுவது உப்பீனி.

குளோரினின் உறவினர்கள் ஒவ்வொருவராக வெளிவந்ததும் டேவியின் கட்சி வலுப்பெற்றது. 1811இல் கடற்பாசிச் சாம்பலிலிருந்து கிடைத்த புதிய பொருள், குளோரினைப் போலவே நடந்துகொண்டது. அதன் ஆவி ஊதா நிறம். கிரேக்கத்தில் ஊதாவைக் குறிக்கும் சொல்லிலிருந்து அயோடின் என்று பெயர் வந்தது. 1826இல் கிடைத்த மற்றொன்று துர்நாற்றம் வீசியது. கிரேக்கத்தில் நாற்றத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து புரோமின். கண்டதையும் முகர்ந்ததையும் வைத்துப் பெயரிடும் வழக்கம் நிலைத்தது. ‘இன்’ என்ற ஈறும் நிலைத்தது. 2016இல் பெயர் பெற்ற 117ஆம் தனிமம், அதே குடும்பத்தின் வரிசையில் வருவதால், டென்னசின் என்று அதே ஈற்றோடு அழைக்கப்படுகிறது.

கடைசிவரை பிடிவாதமாக இருந்தவர்களில் ஒருவர் சுவீடனின் பெர்சீலியஸ். அக்கால வேதியியலில் அவர் சொல்லுக்குப் பெரும் மதிப்பு. அவரிடம் 1823-24இல் பயின்ற வோலர் என்ற ஜெர்மானிய மாணவர் ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்ந்திருக்கிறார். பெர்சீலியசின் வீட்டில் சமையல் வேலை பார்த்த அன்னா, ஆய்வுக்கூடப் பாத்திரங்களையும் கழுவுவார். ஒரு நாள் ஒரு பாத்திரத்தில் ஆக்சிமியூரியாட்டிக் அமிலத்தின் நெடி வருகிறது என்று அவர் சொல்ல, இனிமேல் அப்படிச் சொல்லாதே, குளோரின் என்று சொல், அதுதான் நல்லது என்று பெர்சீலியஸ் திருத்தினாராம். பாத்திரம் கழுவும் இடத்தில் சொன்ன அந்த ஒரு சொல், அவர் மனம் மாறியதற்கு அடையாளம்.

தப்பிய பெயரும் தங்கிய பெயரும்

குளோரின் தன் பழைய பெயரிலிருந்து தப்பித்தது. ஆக்சிஜன் தப்பவில்லை. அமிலத்தின் அடிப்படை ஆக்சிஜன் அன்று என்பது இன்று பள்ளி மாணவருக்கும் தெரியும். நீரில் ஹைட்ரஜன் அயனியைத் தருவதே அமிலத்தின் இயல்பு. அப்படிப் பார்த்தால் ‘அமிலத்தை உண்டாக்குவது’ என்ற பெயர் ஹைட்ரஜனுக்குத்தான் பொருந்தும். ஆனாலும் ஜெர்மன் மொழியில் ஆக்சிஜனை இன்றும் ‘புளிப்புப் பொருள்’ என்ற பொருள்பட அழைக்கிறார்கள். ஜப்பானிய மொழிப் பெயரும் அதே பொருளில்தான். 200 ஆண்டுகளுக்கு முன் பொய்த்துப்போன கொள்கை, பெயருக்குள் பத்திரமாக இருக்கிறது.

நம்மைச் சுற்றி ஒலிக்கும் மொழிகளையும் கவனிக்கலாம். மலாயில் குளோரினை ‘குளோரின்’ என்றே ஏற்றுக்கொண்டார்கள். சீனத்தில் அதன் பெயர் ‘லூ’ என்பதுபோல் ஒலிக்கும். பச்சை நிறத்துக்கான சொல்லும் அதே ஒலிதான். எழுத்தின் மேற்பகுதியில் வாயுவைக் குறிக்கும் அடையாளம், உட்பகுதியில் பச்சை என்ற எழுத்தின் ஒரு பாதி. ‘பச்சை வாயு’ என்று எழுத்தே சொல்லிவிடுகிறது. டேவி நினைத்தது சீன எழுத்தில் அப்படியே படமாக நிற்கிறது. ஆக்சிஜனைச் சீனர்கள் ஊட்டி வளர்ப்பது என்ற பொருள்தரும் சொல்லை ஒட்டி அழைக்கிறார்கள். நாம் தமிழில் உயிர்வளி என்கிறோம். லவாய்சியரின் பிழை இந்த இரண்டு பெயர்களுக்கும் வரவில்லை.

பெயரும் பாதுகாப்பும்

டேவி பார்த்த அதே நிறத்தை 1915 ஏப்ரல் 22ஆம் தேதி, பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே பதுங்கு குழிகளில் இருந்த வீரர்கள் பார்த்தார்கள். ஜெர்மன் படை 150 டன்னுக்கும் மேற்பட்ட குளோரினை ஆயிரக்கணக்கான உருளைகளிலிருந்து திறந்துவிட்டது. மஞ்சள் கலந்த பச்சை மேகம் தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்து குழிகளில் இறங்கியது. குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. தாழ்ந்த இடத்தைத் தேடிப் போகும். நுரையீரலின் ஈரத்தில் பட்டதும் அமிலமாக மாறித் திசுக்களை அரிக்கும்.

அதே குளோரின்தான் குடிநீரில் கிருமிகளைக் கொன்று கோடிக்கணக்கான உயிர்களைக் காத்துவருகிறது. அமெரிக்காவின் ஜெர்சி நகரில் 1908இல் தொடங்கி, பெரிய நகரங்கள் ஒவ்வொன்றாகக் குளோரின் சேர்த்த நீருக்கு மாறின. வயிற்றுப்போக்கும் டைபாய்டும் குறைந்தன. உயிரைக் காப்பதா, பறிப்பதா என்பதை அளவும் வடிவமும் தீர்மானிக்கின்றன.

இந்த இடத்தில்தான் பெயரை அறிவது நம் வீட்டுக்குத் தேவைப்படுகிறது. குளோரின் வேறு, குளோரைடு வேறு. நாம் உண்ணும் உப்பு சோடியம் குளோரைடு. அதில் குளோரின் அமைதியாக இருக்கிறது. துணி வெளுக்கும் திரவத்தில் இருப்பது சோடியம் ஹைபோகுளோரைட். அதில் குளோரின் தூண்டினால் வெளிவரக் காத்திருக்கிறது. கழிப்பறையின் கறை நீக்கும் திரவங்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சில புட்டிகளில் மியூரியாட்டிக் அமிலம் என்ற பழைய பெயர் இன்னும் ஒட்டியிருக்கும். இரண்டும் ஒன்றேதான்.

வெளுப்புத் திரவத்தையும் அந்த அமிலத்தையும் ஒன்றாக ஊற்றினால் பளிச்சென்று சுத்தமாகும் என்று சிலர் எண்ணுகிறார்கள். கிடைப்பது குளோரின் வாயு! கறுப்புத் தாதுவை வைத்து ஷீலே உப்சாலாவில் செய்ததை, வேறொரு பொருளை வைத்துக் கதவடைத்த குளியலறையில் செய்வதற்கு அது சமம். வெளுப்புத் திரவத்தை அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தோடு கலப்பதும் ஆபத்துதான். அதில் குளோரமின் என்ற நச்சு வாயுக்கள் உண்டாகும். நீச்சல் குளத்தில் மூக்கைத் துளைக்கும் நெடியும் பெரும்பாலும் குளோரமின்களின் நெடிதான். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து அதை உண்டாக்குகின்றன. நெடி கூடினால் குளம் அதிகச் சுத்தமாக இருக்கிறது என்று பொருளன்று.

ஆகவே, புட்டியை வாங்கும்போது முன்பக்கத்துப் படத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், பின்பக்கத்துப் பெயர்களையும் படியுங்கள். ஹைபோகுளோரைட் என்று ஒன்றிலும், அமிலம் என்றோ அம்மோனியா என்றோ மற்றொன்றிலும் இருந்தால் இரண்டையும் கலக்காதீர்கள். ஒன்றை ஊற்றிக் கழுவிய இடத்தில், நீர் விட்டு நன்றாக அலசாமல் மற்றொன்றை ஊற்றாதீர்கள். தவறிக் கலந்து நெடி எழுந்தால் குனிந்து துடைக்க முயலாமல் உடனே வெளியேறித் திறந்த வெளிக்குச் செல்லுங்கள். வீட்டில் பிள்ளைகளையும் முதியோரையும் முதலில் வெளியேற்றுங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணை அழையுங்கள்.

ஒரு பெயர் கொள்கையைச் சுமந்தால், கொள்கை சாயும்போது பெயர் நம்மை வழிமாற்றிவிடும். 36 ஆண்டுகள் அப்படிப் போயின. டேவி வைத்த பெயர் கண்ணால் கண்டதை மட்டும் சொன்னது. அணுவின் அமைப்பு தெரியவந்தது. குளோரினின் அணு எண் 17 என்று தெரியவந்தது. அதன் அணுக்களில் 35, 37 என்ற இரு நிறை எண்களில் இருவகை உண்டு என்றும் தெரியவந்தது. இவை எதுவும் டேவிக்குத் தெரியாது. இவற்றில் எதற்காகவும் அவர் வைத்த பெயரை மாற்றவேண்டிய தேவை வரவில்லை. அந்த வாயு இன்றும் மஞ்சள் கலந்த பச்சைதான்.